எரிமலைக்கு ஆறு செவ்வாய்

என் மகள் எரிமலை பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொன்னால், சுற்றுலா போயிருக்கிறாள் என்றுதான் கேட்பவர்கள் நினைக்கிறார்கள். திருவேற்காட்டில் எங்கள் தெருவிலிருந்து வெளிநாடு போனவர்கள் நாலைந்து பேர் உண்டு. துபாய்க்கு டிரைவராகப் போனார்கள், மலேசியாவுக்கு ஓட்டல் வேலைக்குப் போனார்கள். ஒரு மலைக்கு ஜுரம் எவ்வளவு என்று பார்ப்பதற்காக விமானம் ஏறியவள் இவள் ஒருத்திதான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபோர்ஜிங் பட்டறையில் ஃபர்னஸ் ஆபரேட்டர். இரும்புத் துண்டுகளை உலைக்குள் தள்ளி, பழுத்ததும் இடுக்கியால் இழுத்து, சுத்தியல் மிஷினுக்குக் கொடுப்பது என் வேலை. இருபத்தாறு வருஷமாக நெருப்புக்கு எதிரில் நிற்பவனுக்கு நெருப்பென்றால் பயம் இருக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதைத் தெரிந்ததால்தான் பயம். தெரியாதவன் தைரியமாகச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பான்.

மற்றபடியும் நான் கவலைப்படுகிற ஆள்தான். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். புது கேஸ் சிலிண்டர் வந்தால் இரண்டு நாள் அதன் தலைமாட்டில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, மூச்சு விடுகிறாளா என்று தட்டித் தட்டிப் பார்த்து, நிம்மதியாகத் தூங்கிய பிள்ளையைத் தினம் எழுப்பி அழவிட்டவன்.

அவள் கல்லூரியில் மண்ணையும் கல்லையும் பற்றிப் படித்தாள். என்ன படிப்பு என்று கேட்டவர்களிடம், போர் போட தண்ணீர் பார்க்கிற படிப்பு என்று சொல்லி வைத்திருந்தேன். அதை நம்பி இரண்டு பேர் அவளை அழைத்துப்போய் மனையைக் காட்ட வந்துவிட்டார்கள். அப்புறம் ஐஸ்லாந்து என்ற தீவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. உலகப் படத்தில் மேலே, ஓரத்தில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி கிடக்கிற தீவு. பேரிலேயே ஐஸ் இருந்ததால் நான் குளிருக்கு மட்டும்தான் கவலைப்பட்டேன். பூந்தமல்லியில் கடை கடையாக ஏறி இறங்கி ஸ்வெட்டர், மங்கி குல்லா, காலுறை என்று ஒரு மூட்டை வாங்கினேன். அந்த ஊரின் அடியில் முழுக்க நெருப்பு என்று அவள் சொல்லவே இல்லை. விமானம் ஏறி, போய் இறங்கி, சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்.

அவள் பேசுவது எனக்கு விடியற்காலை ஐந்தரை மணிக்கு. அங்கே அப்போது ராத்திரி பன்னிரண்டு. முதல் தடவை வீடியோவில் பார்த்தபோது அவளுக்குப் பின்னால் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, ராத்திரின்னு சொன்ன, வெளிச்சமா கீது?"

"இங்க இப்ப கோடை நைனா. சூரியன் போகவே போகாது. சொம்மா ஓரமா போய் உக்காந்துட்டு திரும்பி வந்துரும்."

"அப்ப நீ எப்ப தூங்குவ?"

"ஸ்கிரீன் போட்டுகினு தூங்குவேன்."

அன்று முதல் ஸ்கிரீன் துணி கெட்டியாக இருக்கிறதா என்பது ஒரு கவலை.

அவள் ஃபோனைத் திருப்பித் திருப்பி ஊரைக் காட்டினாள். ஊர் என்று சொல்லக் கூடாது; ஆளே இல்லை. கண்ணுக்கு எட்டின வரைக்கும் கறுப்பு. எங்கள் பட்டறையின் பின்பக்கம் கசடு கொட்டி வைத்திருப்பார்கள், அதையே அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் பரப்பி வைத்த மாதிரி. அதன் மேல் பச்சைப் பாசி, மெத்தைக் கனத்துக்கு. மிதித்தால் கால் தடம் வருஷக்கணக்கில் மாறாதாம், அதனால் மிதிக்கக் கூடாதாம். மரம் ஒன்று கூட இல்லை. ஒரு மரம் இல்லாத இடத்தில் டீக்கடை எங்கே வைப்பான் என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. வைக்கவில்லை என்றாள்.

நாளாக ஆக வேறு வேறு இடங்கள் காட்டினாள். ரோட்டோரத்தில் மலைச்சரிவில் புகை போய்க்கொண்டிருந்தது. எங்கேயோ பைப் உடைந்திருக்கிறது, யாரிடமாவது சொல்லு என்றேன். அது பூமியே விடுகிற ஆவி என்றாள். இன்னொரு இடத்தில் சாம்பல் நிறச் சேறு கேழ்வரகுக் கூழ் மாதிரி கொப்புளம் விட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வேலி என்ற பெயரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கயிறு. அந்தக் கயிற்றை நினைத்து நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடற்கரையில் மணல் கறுப்பு. அலை சத்தமில்லாமல் நடந்து வந்து, திடீரென்று ஆள் உயரத்துக்கு எழுந்து இழுத்துக்கொண்டு போகுமாம். அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு வெள்ளைப் பறவை இருக்கிறது, கூடு பக்கம் போனால் தலையில் கொத்தும், அதனால் தலைக்கு மேலே ஒரு குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், பறவை உயரமாக இருப்பதைத்தான் கொத்தும் என்றாள். பறவைக்குப் பயந்து குச்சி தூக்குகிற பெண், நெருப்பு ஆற்றின் பக்கத்தில் வெறுங்கையோடு நிற்கப்போகிறாள் என்பது என் மண்டையில் சரியாக உட்காரவில்லை.

ஒரே ஒரு இடம் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு அருவிக்குப் பக்கத்தில் பாறை முழுக்க ஆறு பட்டையாக, தூண் தூணாக நின்றுகொண்டிருந்தது. நெருப்புக் குழம்பு மெதுவாக ஆறினால் அப்படித்தான் வெடித்து நிற்குமாம். எங்கள் ஸ்டோர் யார்டில் ஹெக்ஸ் ராடுகளை நிறுத்தி அடுக்கி வைத்திருப்பதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. "ஆரு அடுக்குனாங்களோ, நீட்டா அடுக்கிகீறாங்க" என்றேன். அன்றைக்கு மட்டும் நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

எங்கள் பட்டறையில் சுத்தியல் மிஷின் ஓட்டுபவர் ஆவடிக்காரர், முத்தாபுதுப்பேட்டையில் வீடு. கிறிஸ்தவர், ஞாயிறு பூசை தவறாதவர், மற்ற ஆறு நாளும் என்னைக் கிண்டல் செய்வது அவருக்குப் பூசை. நான் டீ குடிக்கும்போது ஃபோனில் ஐஸ்லாந்துக் காற்று வேகம் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"மாமே, அங்க காத்து அடிச்சா உனக்கு இன்னா? உன் தலையில மழை ஊத்துது, கொடை எங்க?"

மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை நான் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

இப்படியே ஒரு வருஷம் போய், அடுத்த கோடை வந்தபோதுதான் மகள் ஒரு நாள் முகமெல்லாம் மலர்ச்சியாகப் பேசினாள்.

"நைனா, சூப்பர் நியூஸ். எங்க மலை வீங்குது."

அவளுக்கென்று ஒரு மலையை ஒதுக்கியிருந்தார்கள். அதன் பேர் எழுதினால் ஒரு வரி போகும். அது உள்ளே நெருப்பை நிரப்பிக்கொண்டு விரற்கடை விரற்கடையாக உப்பிக்கொண்டிருக்கிறதாம். எப்போது வேண்டுமானாலும் பிளக்கும். பிளந்ததும் இவளும் கூடப் படிக்கிற இரண்டு பேரும் போய், ஓடுகிற குழம்பின் சூட்டையும் வேகத்தையும் அளப்பார்கள். அதுதான் இவள் படிப்பு. பழைய எரிமலை வீடியோ ஒன்றையும் அனுப்பினாள். நான் பார்த்தேன். நடுவில் வந்த மஞ்சள் கலந்த ஆரஞ்சு எனக்குத் தெரிந்த நிறம். உலையிலிருந்து துண்டை இழுக்க வேண்டிய நேரத்து நிறம்.

"இது ஆயிரத்து நூத்தம்பது டிகிரி கீது" என்றேன்.

"கரெக்டு நைனா. எப்டி சொன்ன? நாங்க அதுக்கு மிஷின் வச்சிகீறோம்."

அவள் பெருமைப்பட்டாள். நான் தூரத்தைக் கணக்குப் போட்டேன். அந்த நிறத்துக்குப் பக்கத்தில் ஆறடி தூரத்தில் நிற்க எனக்குத் தோல் ஏப்ரன், கண்ணாடி, கையுறை கொடுக்கிறார்கள். அதுவும் வருகிற துண்டு என் கை நீளம். அங்கே ஓடுவது நெருப்பு ஆறு.

வீட்டில் சொல்லாமல் நானாக ஒரு முடிவெடுத்தேன். அந்த மலை அடங்கியே கிடக்கட்டும் என்று மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் வேண்டிக்கொள்வது.

திருவேற்காட்டில் கருமாரி கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் குடியிருந்துகொண்டு ஏன் மாங்காட்டுக்குப் போனேன் என்றால், எனக்கு ஒரு கணக்கு இருந்தது. மாங்காட்டு அம்மன் சுற்றிலும் நெருப்பு மூட்டி, நடுவில் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்தவள். நெருப்பு விஷயத்தில் அனுபவம் உள்ளவளிடம் போவதுதானே முறை. அங்கே பழக்கம், ஒரே கிழமையாக ஆறு வாரம் போக வேண்டும். இரண்டு எலுமிச்சம்பழம் கொடுத்தால் ஒன்றைத் திருப்பித் தருவார்கள், வீட்டில் வைத்துக் கும்பிட வேண்டும். எனக்குச் செவ்வாய்க்கிழமை மதியம் வரைக்கும் வேலை கிடையாது. ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லி, அங்கிருந்து மாங்காடு.

மனைவியிடம், பெண்ணின் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று போகிறேன் என்றேன். அது பொய் இல்லை. எரியாமல் இருந்தால் உடம்பு நன்றாகத்தானே இருக்கும்.

முதல் வாரமே சிக்கல். சந்நிதியில் நிற்க நமக்குக் கிடைப்பது மூன்று விநாடி, அதற்குள் பின்னால் இருப்பவர் முதுகில் கை வைத்துவிடுவார். அந்தத் தீவில் எரிமலை ஒன்றிரண்டு இல்லை. அம்மன் தப்பான மலையை அடக்கிவிட்டால் என்ன செய்வது? மலையின் பேரை மகள் அனுப்பியதைப் பார்த்து பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொண்டு போனேன். அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு, என்ன நட்சத்திரம்?" என்றார். மலைக்கு நட்சத்திரத்துக்கு நான் எங்கே போக? மகள் பேரைச் சொல்லிவிட்டு, டிக்கெட்டை மட்டும் அம்மன் பக்கம் திருப்பிப் பிடித்தேன். பின்னால் இருந்த அம்மா, "டிக்கெட்டு இன்னாத்துக்கு காட்டுற, இது தர்ம தரிசனம், போ" என்றார்.

இரண்டாம் வாரமும் போனேன். மூன்றாம் வாரம் மகள் பேசும்போது குரலில் பழைய துள்ளல் இல்லை.

"வீக்கம் நின்னுடுச்சி நைனா."

"அப்டியா" என்றேன். ஃபோனை மூடியபின் கிழக்கு பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். மாங்காடு எங்கள் வீட்டுக்குத் தெற்கே இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்து, திரும்பி நின்று இன்னொன்று போட்டேன்.

அந்த வாரம் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பட்டறையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். ஆறாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலையை இரண்டு எலுமிச்சம்பழத்தில் உட்கார வைத்தவன் நான். நாலாம் வாரம் இன்னும் பெரிய பழமாகப் பார்த்து வாங்கினேன்.

அந்தப் புதன்கிழமை விடியற்காலை மகள் பேசினாள். அவள் நின்ற இடத்தில் மூடுபனி. கறுப்புக் கல் மட்டும் ஈரமாகப் பளபளத்தது. தூரத்தில் மூன்று ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. அந்த மலை மொட்டையாக, ஒன்றும் தெரியாத மாதிரி பின்னால் உட்கார்ந்திருந்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குளிர் என்று நினைத்தேன்.

"அழுவுறியாம்மா?"

"இல்ல நைனா."

"சொல்லு."

"புரொபசர் சொல்லிட்டாரு. இந்தச் சீசன் முடியறதுக்குள்ள மலை வெடிக்கலன்னா என் தலைப்பை மாத்திடுவாங்களாம். குடோன்ல பழைய கல்லு இருக்குது, ஆறிப்போன கல்லு. அத்த ஒடைச்சி ஒடைச்சி பாக்கணும். ஒரு வருஷம் செஞ்சதெல்லாம் போச்சி. எல்லாரும் எதிர்பார்த்துகினு இருந்தாங்க, வீங்கிகினே வந்துச்சி. திடீர்னு ஏன் நின்னுச்சின்னு யாருக்குமே புரியல."

யாருக்குமே புரியவில்லை என்று அவள் சொன்னபோது எனக்குக் காது சுட்டது. எனக்குப் புரிந்திருந்தது.

அன்று உலைக்கு முன்னால் நின்றுகொண்டே ஒரு துண்டை அதிகம் பழுக்க விட்டுவிட்டேன். மாலையில் வீட்டுக்குப் போனதும் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நாலு வாரத்தையும் சொன்னேன்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள். கீரைத்தட்டு சரிந்து, இருமல் வந்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிற அளவுக்குச் சிரித்தாள். தண்ணீரைக் குடித்ததும் கோபம் வந்துவிட்டது.

"எரிமலைய படிக்க போன புள்ளைக்கு எரிமலைய அமுக்கி வச்சிகீற. டெய்லர் வேலைக்கு போனவளாண்ட ஊசிய புடுங்கின மாரி. அதுவும் ஆராண்ட போய் கேட்டிருக்க. காஞ்சிவரம் போற அவசரத்துல மூட்டுன நெருப்ப அணைக்காமலே கெளம்பி போனவங்க அந்த அம்மா. ஊரே வெந்துச்சின்னு கோயில்லயே சொல்றாங்க இல்ல? அவங்களாண்ட போய் அணைக்க சொல்லிகீற."

"அதான் அணைஞ்சிடுச்சே" என்றேன்.

"வாய மூடு. வர்ற செவ்வாய் போய் மாத்தி கேளு. நீ இன்னா கேட்டியோ அத்த வாபஸ் வாங்கு."

மாற்றிக் கேட்பது அவள் சொன்னதுபோல் சுலபமாக இருக்கவில்லை. மறுநாள் சுத்தியல்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். மிஷினை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"மச்சான், ஒன்னு கேக்கறேன். நம்ம ஃபர்னஸ்ல உள்ள எரிய உட்டுட்டு, எல்லா வழியையும் அடைச்சி வச்சா இன்னா ஆவும்?"

"வெடிக்கும்."

"எத்தினி நாளா அடைச்சி வச்சிகீற?"

"நாலு வாரம்."

"அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு மிஷினை ஓட்டப் போய்விட்டார்.

அதுவரை எனக்கு ஒரு கவலை இருந்தது. இப்போது இரண்டு. மலை வராவிட்டால் மகள் படிப்பு போகும். வந்தால் நாலு வாரத்து பாக்கியையும் சேர்த்துக்கொண்டு ஒரேயடியாக வரும். அதை அடைத்து வைத்தவன் நான். இரண்டு ராத்திரி தூக்கமில்லாமல் யோசித்து, ஐந்தாம் வாரத்துக்கு ஒரு மனு தயார் செய்தேன். மலை திறக்கட்டும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. மகள் நிற்கிற பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம். காற்றும் அந்தப் பக்கமே அடிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் இருக்கமாட்டார். அவள் சாப்பிட்ட பிறகு. ஷூ போட்டிருக்கும்போது. ஆடுகளுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. இதையெல்லாம் மூன்று விநாடியில் சொல்ல, ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லி வரைக்கும் வாயை அசைத்துப் பழகினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

சந்நிதியில் காற்று வரைக்கும் வந்தேன். முதுகில் கை விழுந்துவிட்டது.

அந்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மகள் குடோனுக்குப் போய்க் கல்லைப் பார்த்துவிட்டு வந்தாள். வரிசையாகப் பெட்டி, பெட்டிக்குள் கல், கல்லின் மேல் நம்பர். அதைக் காட்டும்போது முகத்தைக் காட்டவில்லை, கல்லை மட்டும்தான் காட்டினாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மாடி, உன் மலைய நான்தான் நிறுத்தி வச்சிகீறேன்."

சொல்லி முடித்தேன். எலுமிச்சம்பழம், டிக்கெட், ஐந்து செவ்வாய் எல்லாம்.

"நைனா," என்றாள், "இருவது கிலோமீட்டர் ஆழத்துல இருந்து வருது அது."

"தெரியும்."

"உன் எலுமிச்சம்பழத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"இருக்கட்டும். நான் பயந்தது நெசம் இல்ல? உனக்கு நல்லது நடக்கக் கூடாதுன்னு உன் அப்பன் நாலு வாரம் நடையா நடந்திருக்கேன். அது நெசம்தானே?"

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சாப்ட்டியா?" என்று கேட்டாள். பிறகு இதைத் தன் கூட்டத்தில் சொல்லிவிட்டாள். மறுநாள் பேசும்போது, ஆறாவது வாரம் எந்தத் தேதி என்று புரொபசர் கேட்டதாகவும், ஆய்வுக்கூடத்துப் பலகையில் யாரோ செவ்வாய்க்கிழமையைச் சுற்றி ஒரு எலுமிச்சம்பழம் வரைந்து வைத்திருப்பதாகவும் சொன்னாள். கிண்டல்தான். ஆனால் எரிமலையைப் படித்த ஆட்கள் கேட்டுவிட்டார்கள் என்றதும் எனக்குக் கூடுதலாகப் பொறுப்பு வந்துவிட்டது.

சுத்தியல்காரர் என் ஐந்தாம் வாரத்து மனுவைக் கேட்டுவிட்டுச் சொன்னது: "இத்தினி கண்டிசன் போட்டா நம்ம எஸ்டேட்ல வெல்டர் கூட வேலைக்கு வரமாட்டான். மலை எப்டி மாமே வரும்?"

ஆறாவது செவ்வாய் கூட்டம் அதிகம். கம்பிக்குள் ஒரு மணி நேரம் நகர்ந்துகொண்டிருந்தேன். கண்டிஷன்களை ஒவ்வொன்றாக மனதிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமையை எடுத்தேன். காற்றை எடுத்தேன். ஷூவை எடுப்பதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதுதான் கடைசி வரைக்கும் கையை விட்டுப் போகவில்லை. அந்தப் பிள்ளை மூச்சு விடுகிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தவன், அவள் பக்கத்தில் நெருப்பு வரட்டும் என்று எப்படிக் கேட்பது. என் முறை வந்தது. அர்ச்சகர் பழத்தை வாங்கினார். விளக்கு வெளிச்சத்தில் அம்மன் முகம் தெரிந்தது.

"வரட்டும்" என்றேன்.

வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அர்ச்சகர், "யார் வரணும்?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் முதுகில் கை விழுந்தது.

செவ்வாய்க்கிழமை மலை வரவில்லை. புதன் வரவில்லை. பலகையில் இருந்த எலுமிச்சம்பழத்தை யாரோ அழித்துவிட்டார்களாம். நான் ஃபோனை உலைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்து, சூட்டில் அது இரண்டு தடவை தானாக அணைந்து போனது.

சனிக்கிழமை பத்தரை மணி டீக்கு வெளியே வந்து நின்றோம். மகள் அழைத்தாள். எடுத்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரை முழுக்க ஆரஞ்சு. சத்தம், நூறு லாரி ஒன்றாக ஜல்லி கொட்டுகிற சத்தம். கறுப்புத் தரை நீளமாகக் கிழிந்திருந்தது. கிழிசல் நெடுக நெருப்பு வரிசையாக நின்று ஆடியது. அதிலிருந்து வழிந்தது பள்ளத்தில் இறங்கி, பச்சைப் பாசியின் மேல் ஏறும்போது வெள்ளையாகப் புகைந்தது. மேலே வானம் விடிந்தும் விடியாமல் ரோஸ் நிறத்தில் இருந்தது. சுத்தியல்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தவர் டீயைக் குடிக்க மறந்துவிட்டார்.

"யம்மா," என்றார், "எண்ணெய் ஊத்தாம இப்டி எரியுதே."

மகள் ஃபோனைத் தன் பக்கம் திருப்பினாள். ஹெல்மெட், முகத்தில் பாதி மறைக்கிற முகமூடி. கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணைப் பத்தாவது ரிசல்ட் வந்த அன்றைக்குப் பார்த்தது.

"நைனா, வந்துடுச்சி. ஒரு வாரமாவே உள்ள நகர்ந்துகினு இருந்திருக்கு, மிஷின்ல காட்டுது. உன் வேண்டுதல் எல்லாம் இல்ல, தெரியுதா?"

"தெரியுது."

"முதல்ல போய் நின்னவங்கள்ல நான் ஒருத்தி. ரெண்டு தடவ அளந்துட்டேன். இனிமே தலைப்ப யாரும் மாத்த முடியாது."

அவளுக்குப் பின்னால் அது ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு தூரத்தில் என்று ஃபோனில் கண்டுபிடிக்க முடியவில்லை. பாராட்ட வேண்டும் என்று தெரிந்தது. நல்லா செஞ்ச கண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"கொஞ்சம் தள்ளி வாயேன்" என்று வந்தது.

சுத்தியல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் நெருப்பின் பக்கம் திரும்பி இரண்டு அடி பின்னால் வந்தாள். ஃபோன் ஆடியது.

"போதுமா நைனா?"

"இன்னும் ரெண்டு அடி."

நெருப்பைப் பார்த்தபடியே இன்னும் இரண்டு அடி பின்னால் வைத்தாள்.

"இப்ப?"

"இப்ப சரி" என்றேன். "இப்ப காட்டு. நல்லா காட்டு, பாக்கலாம்."